சட்டம் தந்தது, கம்பனி தந்தது, நாடு தந்தது: பெரியநீலாவணை வாசகிக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தங்கைக்கு,



உங்கள் கடிதம் கிடைத்தது. கல்முனையில் ஒரு தனியார் நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறீர்கள். நியமனக் கடிதத்தில் ஊழியர்களுக்குக் குழு மருத்துவக் காப்புறுதி உண்டு என்று ஒரு வரி இருக்கிறது, அதற்குமேல் ஒரு விளக்கமும் இல்லை. உங்கள் மாப்பிள்ளை சவூதியில் வேலை செய்கிறார். தம்பி அரசாங்கப் பாடசாலை ஆசிரியர், இன்னும் கலியாணம் ஆகவில்லை. உம்மாவுக்குக் கண்புரை. ஒப்பரேசன் செய்ய வேண்டும் என்று டொக்டர் சொல்லிவிட்டார். கம்பனிக் காப்புறுதி உம்மாவுக்கு உதவுமா என்று கேட்டிருக்கிறீர்கள். காப்புறுதியே நமக்குத் தேவையா என்று வீட்டில் ஒரு பேச்சு நடப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள்.

உங்கள் கேள்வி உங்கள் வீட்டோடு நிற்பதில்லை. மருதமுனையிலும் நற்பிட்டிமுனையிலும் சாய்ந்தமருதிலும் சம்பளத்துக்கு வேலை செய்யும் ஒருவராவது இருக்கிற வீடுகளில் இதே கேள்வி இருக்கிறது. அதனால்தான் எல்லோரும் படிக்கும்படி பதில் எழுதுகிறேன்.

முதலில் உம்மாவின் விடயம். உங்கள் கம்பனிக் காப்புறுதி உம்மாவுக்குப் பெரும்பாலும் உதவாது. நம் நாட்டில் கம்பனிகள் எடுக்கும் குழுக் காப்புறுதிகளில் ஊழியர், அவரது கணவர் அல்லது மனைவி, உழைக்கத் தொடங்காத பிள்ளைகள் என்பதோடு வழக்கமாகப் பட்டியல் முடிந்துவிடும். பெற்றோரைச் சேர்க்கும் கம்பனிகள் குறைவு. ஆனால் உங்கள் வீட்டில் வேறொரு வழி இருக்கிறது. தம்பியின் சம்பளப் பட்டியலை வாங்கிப் பாருங்கள். 'அக்ரஹார' என்று ஒரு சிறு அறவீடு இருக்கும். அது அரச ஊழியர்களுக்கான மருத்துவக் காப்புறுதி. 2006ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த தேசிய காப்புறுதி நம்பிக்கைப் பொறுப்பு நிதியம் அதை நடத்துகிறது. மணமாகாத உறுப்பினரின் பெற்றோர், வயதெல்லை போன்ற சில நிபந்தனைகளோடு, அதன் நன்மைக்குள் வருகிறார்கள். தம்பிக்குக் கலியாணம் ஆனதும் அந்த இடம் அவருடைய மனைவி பிள்ளைகளுக்குப் போய்விடும். ஆகவே தம்பியை வலயக் கல்விப் பணிமனைக்கு அனுப்பி, கண் சத்திரசிகிச்சைக்கு என்ன கிடைக்கும், உம்மாவின் பெயர் பதிவில் இருக்கிறதா, விண்ணப்பத்தை எத்தனை நாளுக்குள் கொடுக்க வேண்டும் என்று இப்போதே கேட்கச் சொல்லுங்கள்.

மாதாமாதம் சம்பளத்தில் பணம் கழிகிறது. அது எதற்கு என்று தெரியாமலே ஓய்வு வரை போய்விடுகிற ஆசிரியர்கள் எத்தனையோ பேர். பிள்ளைப்பேற்றுக்கு, கண்ணாடிக்கு, அரச ஆஸ்பத்திரியில் தங்கியிருந்த நாட்களுக்குக்கூட அக்ரஹாரவில் கொடுப்பனவு உண்டு. வெள்ளி, தங்கம் என்று கூடுதல் சந்தாவுக்குக் கூடுதல் நன்மை தரும் பிரிவுகளும் இருக்கின்றன. இதைத் தெரிந்துகொள்ளாதவர் தன் சம்பளத்தில் ஒரு பகுதியை வாங்காமல் விட்டவர் ஆகிறார்.

இனி உங்கள் காப்புறுதிக்கு வருகிறேன். அதற்குமுன் ஒரு பாகுபாட்டை மனதில் பதித்துக்கொள்ளுங்கள். உழைக்கும் ஒருவருக்கு நோய் வந்தால் கைகொடுப்பவை இங்கே மூன்று: சட்டம் தந்தது, கம்பனி தந்தது, நாடு தந்தது. இவற்றை ஒன்றோடொன்று போட்டுக் குழப்புவதால்தான் நாம் ஏமாறுகிறோம். கம்பனி விரும்பித் தந்ததை உரிமை என்று நம்பி இருந்துவிடுகிறோம். சட்டம் கட்டாயமாகத் தந்ததை முதலாளியின் தயவு என்று நினைத்துக் கேட்காமல் இருந்துவிடுகிறோம்.

சட்டம் தந்ததில் ஊழியர் சேமலாப நிதியம் உங்களுக்குத் தெரிந்ததுதான். 1958ஆம் ஆண்டுச் சட்டம். உங்கள் சம்பளத்தில் 8 வீதம், முதலாளியின் பங்கு 12 வீதம். அதில் சேர்ந்த பணத்தில் 30 வீதம் வரை, சேவைக்காலம், மீதித்தொகை முதலிய நிபந்தனைகளோடு, வேலையில் இருக்கும்போதே வீட்டுக்கோ மருத்துவச் செலவுக்கோ எடுக்கலாம் என்பது பலருக்குத் தெரியாது. மற்றது ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதியம். 1980ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சட்டம். இதற்கு முதலாளி 3 வீதம் கட்ட வேண்டும். உங்கள் சம்பளத்தில் ஒரு சதமும் கழிக்கக் கூடாது. பணம் சேர்வதோடு இதன் வேலை முடிவதில்லை. உறுப்பினருக்கு இருதய சத்திரசிகிச்சை, சிறுநீரக மாற்று, கண்ணில் வில்லை பொருத்துதல் ஆகியவற்றுக்கு உதவி, நிரந்தரமாக வேலை செய்ய முடியாமற்போனால் ஒரு தொகை, மரணம் நேர்ந்தால் குடும்பத்துக்கு ஒரு தொகை எனப் பல நன்மைகள் அதில் இருக்கின்றன. உறுப்பினர் என்றால் நீங்கள்தான், உம்மா அல்ல. முதலாளி ஒழுங்காகப் பணம் கட்டிவந்திருந்தால்தான் இவை கிடைக்கும். ஆகவே உங்கள் பெயரில் பணம் போகிறதா என்று கணக்குக் கூற்றை எடுத்துப் பார்ப்பது ஒவ்வோர் ஆண்டும் செய்ய வேண்டிய காரியம்.

பிரசவ விடுமுறையும் சட்டம் தந்ததுதான். கடை, அலுவலக ஊழியர் சட்டத்தின் கீழ் 84 வேலை நாட்கள், முழுச் சம்பளத்தோடு. முன்பு மூன்றாவது பிள்ளைக்கு இது சுருங்கிவிடும். 2018இல் வந்த திருத்தத்தோடு அந்த வேறுபாடு போய்விட்டது. வேலை செய்யும்போது காயப்பட்டால் நட்டஈடு கேட்க 1934ஆம் ஆண்டின் சட்டம் இருக்கிறது. 2022ஆம் ஆண்டுத் திருத்தத்தால் வேலைக்குப் போய்வரும் வழியில் நடக்கும் விபத்தும் அதற்குள் வந்துவிட்டது. பெரியநீலாவணையிலிருந்து பிரதான வீதி வழியே கல்முனைக்கு நாளும் போய்வருகிற உங்களுக்கு இது அவசியமான செய்தி. இவற்றைக் கேட்க நீங்கள் யாரிடமும் கையேந்த வேண்டியதில்லை.

அடுத்தது கம்பனி தந்தது. இந்தியாவில் 1948ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, குறித்த சம்பள எல்லைக்குள் இருக்கும் தொழிலாளர்களுக்கும் அவர்களைச் சார்ந்திருப்போருக்கும் மருத்துவக் காப்புறுதியைக் கட்டாயம் ஆக்கியது. ஜேர்மனியில் 1883இலேயே பிஸ்மார்க் அப்படியொரு சட்டம் கொண்டுவந்தார். நம் நாட்டில் தனியார் முதலாளி மருத்துவக் காப்புறுதி எடுத்தே தீர வேண்டும் என்று பொதுச் சட்டம் இல்லை. நல்ல கம்பனிகள் எடுக்கின்றன. எவ்வளவுக்கு, யாருக்கு, எதற்கு என்பதெல்லாம் அவரவர் ஒப்பந்தத்தைப் பொறுத்தது. அந்த ஒப்பந்தம் கம்பனிக்கும் காப்புறுதி நிறுவனத்துக்கும் இடையிலானது. அதன் நன்மை பெறுபவர்தான் நீங்கள். ஒப்பந்தம் ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படுவதால் போன வருடம் இருந்த நன்மை இந்த வருடமும் இருக்கும் என்று நம்பி இருக்கக் கூடாது.

ஆகவே ஆளணிப் பிரிவில் நீங்கள் கேட்க வேண்டியது நன்மைகளின் அட்டவணை. காப்புறுதி அட்டை கையில் இருப்பது மட்டும் போதாது. அட்டவணை வந்ததும் முதலில் தொகையைப் பார்க்காதீர்கள். யார் யாருக்கு என்பதைப் பாருங்கள். கணவரின் பெயரையும் பிள்ளைகளின் பெயரையும் நீங்களே எழுதிக் கொடுத்தால்தான் சேர்ப்பார்கள். பிள்ளை பிறந்தால் அந்தப் பெயரைக் குறித்த நாளுக்குள் சேர்க்க வேண்டும். பிறகு, எப்போதிருந்து என்பதைப் பாருங்கள். தகுதிகாண் காலம் முடிந்த பின்தான் காப்புறுதி தொடங்கும் என்று வைத்திருக்கிற கம்பனிகள் பல. பிரசவச் செலவுக்குக் காத்திருப்புக் காலம் தனியாக இருக்கலாம். நீரிழிவு, பிரஷர் போன்று வேலையில் சேருமுன்பே இருந்த நோய்களுக்கு என்ன விதி என்று தனியாகக் கேளுங்கள். படிவத்தில் இருக்கும் நோயை இல்லை என்று எழுதாதீர்கள். மறைத்தது தெரியவந்தால், வேறு நோய்க்குக் கேட்ட பணத்தையும் மறுக்க அவர்களுக்குக் காரணம் கிடைத்துவிடும்.

தொகை என்பது ஒற்றை எண் அல்ல. அதற்குள் பல எல்லைகள் இருக்கின்றன. உதாரணத்துக்கு ஒரு கணக்குச் சொல்கிறேன். உங்கள் அட்டவணையில் ஆண்டுக்கு 250,000 ரூபா, ஒரு தடவை ஆஸ்பத்திரியில் அனுமதிக்கப்பட்டால் 150,000, அறை வாடகை நாளுக்கு 7,500 என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். தனியார் ஆஸ்பத்திரியில் நாலு நாள் இருக்கிறீர்கள். அறைக்கு நாளுக்கு 12,000 வீதம் 48,000. சத்திரசிகிச்சை, டொக்டர், மருந்து எல்லாம் சேர்த்து 120,000. கூட நின்றவரின் சாப்பாடு, பதிவுக் கட்டணம் முதலியவை 7,000. மொத்தம் 175,000. இதில் அறைக்கு 30,000, சிகிச்சைக்கு 120,000, ஆக 150,000 தருவார்கள். மிச்சம் 25,000 உங்கள் கையிலிருந்து போகும். ஆண்டு எல்லையில் இன்னும் 100,000 மீதி இருந்தும் அது இந்த பில்லுக்கு உதவாது. இந்தக் கணக்கை முதலே தெரிந்திருந்தால், 7,500 ரூபா அறையைக் கேட்டு வாங்கி 18,000 ரூபாவை மிச்சப்படுத்தியிருப்பீர்கள். கட்டிலில் படுத்த பிறகு இதையெல்லாம் யாராலும் யோசிக்க முடியாது. சுகமாக இருக்கும்போது படிக்க வேண்டிய கடதாசி இது.

ஆஸ்பத்திரியில் தங்காமல் வெளிநோயாளராகக் காட்டுவது, பல், கண்ணாடி ஆகியவை தனிப் பிரிவுகள். சில கம்பனிகள் அவற்றுக்குச் சிறு தொகை வைத்திருக்கும், சில வைத்திருக்காது. ஆஸ்பத்திரிக்கு நேரடியாகப் பணம் கட்டிவிடும் ஏற்பாடா, நாம் கட்டிவிட்டுப் பிறகு கேட்டு வாங்கும் ஏற்பாடா என்பதையும் கேட்டுவையுங்கள். கொழும்பில் இருக்கிற வசதி நம் கரையில் எல்லா இடத்திலும் இருக்காது. நாம் கட்டிவிட்டுக் கேட்பதுதான் முறை என்றால், முதலில் கட்டுவதற்குக் கையில் பணம் வேண்டும்.

பணம் கேட்கும்போது கடதாசிதான் பேசும். ஆஸ்பத்திரி தரும் நோய் நிர்ணய அட்டை, அசல் பில், பணம் கட்டிய பற்றுச்சீட்டு, டொக்டரின் மருந்துத் துண்டு, பரிசோதனை அறிக்கை எல்லாம் வேண்டும். வெளியே ஃபார்மசியில் வாங்கிய மருந்தின் பில்லில் நோயாளியின் பெயரும் திகதியும் இருக்க வேண்டும். எல்லாவற்றிலும் ஒரு போட்டோப் பிரதி எடுத்த பிறகே அசலைக் கொடுங்கள். ஒருவருக்கு இரண்டு காப்புறுதி இருந்தால் ஒரே செலவை இரண்டு இடத்தில் முழுதாக வாங்க முடியாது. முதலாமவர் கொடுத்தது போக மிச்சத்தை, அவர் தரும் கடிதத்தோடும் பிரதிகளோடும் மற்றவரிடம் கேட்கலாம். கோரிக்கையை நியாயமின்றி மறுத்துவிட்டால் எழுத்தில் காரணம் கேளுங்கள். அதிலும் தீராவிட்டால் காப்புறுதி ஒம்புட்ஸ்மன் இருக்கிறார். 2000ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவும் இருக்கிறது.

வேலையை விடுகிற நாளில் இந்தக் காப்புறுதியும் நின்றுவிடும். சேமலாப நிதியம் போல அது உங்கள் கூடவே வராது. வேறு வேலைக்குப் போவதாக இருந்தால், செய்ய வேண்டிய சிகிச்சையையும் கொடுக்க வேண்டிய பில்களையும் முடித்துவிட்டு இராஜினாமாக் கடிதத்தைக் கொடுங்கள்.

உங்கள் மாப்பிள்ளையின் நிலை இதற்கு நேர்மாறானது. அங்கே அது கம்பனியின் விருப்பம் அல்ல, சட்டம். சவூதியின் கூட்டுறவுச் சுகாதாரக் காப்புறுதிச் சட்டம் 1999இல் வந்தது. தனியார் கம்பனி வெளிநாட்டுத் தொழிலாளிக்குக் காப்புறுதி எடுக்க வேண்டும், அந்தச் செலவு முதலாளியுடையது. இக்காமா என்ற வதிவிட அனுமதியைப் புதுப்பிப்பதும் இதோடு கட்டுண்டது. அதற்கென்று சம்பளத்தில் கழித்தால் அவர் கேள்வி கேட்கலாம். ஆனால் இரண்டு விடயத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். ஒன்று, அவர் போயிருப்பது கம்பனி விசாவிலா, வீட்டுச் சாரதி விசாவிலா? வீட்டுப் பணியாளர்களுக்கு இந்தக் கட்டாயம் நெடுங்காலமாக இருக்கவில்லை. இரண்டு, அந்தக் காப்புறுதி அந்த நாட்டுக்குள் மட்டும் செல்லுபடியாகும். லீவில் வீட்டுக்கு வந்து நிற்கும்போது அது உதவும் என்று எண்ண வேண்டாம். வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிந்து போனவர்களுக்கு இங்கே ஒரு காப்புறுதி இருக்கிறது. அந்தப் பதிவுச் சான்றை உங்கள் அலுமாரியில் பத்திரமாக வையுங்கள்.

மார்க்கம் பற்றி வீட்டில் எழுந்த கேள்விக்குத் தீர்ப்புச் சொல்லும் தகுதி எனக்கில்லை, அது உலமாக்களுடையது. ஆனால் தெரிந்த விபரத்தைச் சொல்லலாம். ஒருவருக்கொருவர் உதவ எல்லோரும் பங்கிட்டுப் போடும் தகாபுல் முறை 1979இல் சூடானிலும், 1984ஆம் ஆண்டுச் சட்டத்தோடு மலேசியாவிலும் நிறுவன வடிவம் பெற்றது. இலங்கையிலும் 1999 முதல் தகாபுல் நிறுவனம் இயங்குகிறது. ஊழியர்கள் சேர்ந்து கேட்டால், அப்படியான தெரிவையும் விலை கேட்டுப் பாருங்கள் என்று நிர்வாகத்திடம் சொல்லலாம். தகாபுலானாலும் அட்டவணையைப் படிக்கும் கடமை உங்களுக்கு இருக்கவே செய்கிறது.

கடைசியாக, நாடு தந்தது. கல்முனையில் அஷ்ரப் ஞாபகார்த்த வைத்தியசாலையும் வடக்கு ஆதார வைத்தியசாலையும் இருக்கின்றன. வடக்கே களுவாஞ்சிகுடி ஆதார வைத்தியசாலை, அதற்கப்பால் மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலை. அம்பாறை மாவட்டத்தின் வடக்கு விளிம்பில் இருக்கும் உங்கள் ஊருக்கு இரண்டு மாவட்டத்து ஆஸ்பத்திரிகளும் பக்கம். அவசரமென்றால் 1990க்கு அழைத்தால் அம்புலன்ஸ் காசில்லாமல் வரும். காப்புறுதி அட்டை கையில் இருக்கிறது என்பதற்காக மாரடைப்பு வந்தவரைத் தூரத்துத் தனியார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகாதீர்கள். பக்கத்து அரச ஆஸ்பத்திரிக்குத்தான் முதலில் போக வேண்டும். அமெரிக்காவில் மருத்துவக் காப்புறுதி போய்விடும் என்ற பயத்தாலேயே பிடிக்காத வேலையில் ஒட்டிக்கொண்டிருக்கிறவர்கள் பலர். நமக்கு அந்த நிலை இல்லாததற்குக் காரணம் இந்த அரச ஆஸ்பத்திரிகள். இங்கே காப்புறுதி என்பது இந்த வீட்டுக்கு இறக்கிய பத்தி போன்றது. வீட்டை இடித்துவிட்டுப் பத்தியில் குடியிருக்க முடியாது. 2022இல் டொலர் இல்லாமல் மருந்து தட்டுப்பட்டபோது வார்டில் படுத்திருந்தவருக்கு வெளியே மருந்து வாங்க ஓடிய குடும்பங்களுக்கு இரண்டின் தேவையும் தெரியும். அப்படி வெளியே வாங்கும் மருந்துக்கும், வெளியே எடுக்கும் ஸ்கேனுக்கும் உங்கள் காப்புறுதி பணம் தருமா என்பது அட்டவணையில் நீங்கள் தேட வேண்டிய முக்கியமான வரி.

இவ்வளவும் எழுதும்போது எனக்கு ஒரு கவலை. நான் சொன்னதில் பாதி, முதலாளி ஒருவர் இருப்பவர்களுக்குத்தான். மருதமுனையில் தறியில் உட்கார்ந்திருப்பவருக்கும், உங்கள் கரையில் வலை இழுப்பவருக்கும், சம்பளத்தை வவுச்சரில் வாங்கிக்கொண்டு நிதியங்களில் பெயரே இல்லாமல் கடையில் நிற்கிற பிள்ளைக்கும் அக்ரஹாரவும் இல்லை, குழுக் காப்புறுதியும் இல்லை. பெரிய சத்திரசிகிச்சை என்றால் அவர்களுக்கு ஜனாதிபதி நிதியம் இருக்கிறது. 2025 பெப்ரவரி முதல் அதற்குக் கொழும்புக்கு அலையாமல் பிரதேச செயலகத்திலேயே விண்ணப்பிக்கலாம். இந்தச் செய்தி தெரியாமல் பள்ளிவாசல் வாசலில் கடிதத்தோடு நிற்கிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். கடையில் நிற்கிற அந்தப் பிள்ளைக்கு முதலாளி 3 வீதத்தையும் 12 வீதத்தையும் கட்டுவது ஸதகா அல்ல, அது அந்தப் பிள்ளையின் கூலி. நம் ஊர் முதலாளிமாருக்கு இதை எடுத்துச் சொல்ல வேண்டியவர்கள் நாம்தான்.

ஆகவே தங்கை, இந்தக் கிழமையே மூன்று காரியம் செய்யுங்கள். தம்பியை வலயப் பணிமனைக்கு அனுப்பி உம்மாவின் பெயரை உறுதிப்படுத்துங்கள். கண் ஒப்பரேசனுக்கு அரச ஆஸ்பத்திரிக் கண் கிளினிக்கில் திகதி எடுங்கள், காப்புறுதிப் பதிலுக்காக அதைப் பிற்போடாதீர்கள். உங்கள் ஆளணிப் பிரிவில் அட்டவணையைக் கேளுங்கள். கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டாம். கம்பனி உங்கள் உழைப்புக்காகக் கொடுக்கும் விலையில் அதுவும் ஒரு பகுதி. அது கையில் வந்ததும் பக்கத்து மேசையில் இருக்கிறவருக்கும் ஒரு பிரதி கொடுங்கள். உங்களைப் போல அவரும் அந்த ஒரு வரியோடுதான் இருப்பார்.

உம்மாவின் பார்வை நல்லபடியாகத் திரும்ப துஆச் செய்கிறேன்.

வஸ்ஸலாம்.
உங்கள் சகோதரன்